ஹவுசிங் போர்டு குடியிருப்பில் சீஷத்துவம்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையின் தெற்கு விளிம்பில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மூன்று பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் நகரத்துச் சபைகளிலிருந்து அங்கே வேன்கள் வரும். வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் இறங்குவார்கள். பாட்டு, நாடகம், பிஸ்கட், ஜெபம், குரூப் போட்டோ எல்லாம் முடிந்து ஆறு மணிக்கு வேன் கிளம்பிவிடும். அன்போடு செய்கிற வேலைதான். ஆனால் போன முறை கண்ணீரோடு ஜெபிக்கச் சொன்ன அம்மாவின் பெயர் அடுத்த முறை வருகிற வேனில் யாருக்கும் நினைவிருக்காது.

அந்த வேனிலிருந்து இறங்கி அங்கேயே நிற்க வேண்டும் என்று மனதில் பாரம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீஷத்துவம் என்பது இயேசுவைப் பின்பற்றக் கற்றுக்கொள்வது. இயேசு பன்னிரண்டு பேரை ஏற்படுத்தியதற்கு மாற்கு சொல்லும் முதல் காரணம், அவர்கள் தம்மோடுகூட இருக்க வேண்டும் என்பது. பிரசங்கிக்க அனுப்புவதும் அதிகாரம் கொடுப்பதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன (மாற்கு 3:14-15). நகரத்து ஊழியத்தில் நாம் முதலில் விட்டுவிடுவது இந்தக் கூட இருப்பதைத்தான். சேவையும் வேத வாசிப்பும் அதிலிருந்து பிறந்தால் நிலைக்கும்.

முதல் படி: அந்த இடத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அவர்களுக்கு அடுக்குமாடி வீடு கட்டிக்கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. 2000-க்குப் பிறகு நிலைமை மாறியது. கூவம், அடையாறு கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்தவர்கள் ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவானது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கு வந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் ஏராளமாகப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களுக்குக் கொண்டுவரப்பட்டன. வாரியத்தின் பெயர் 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. மக்கள் பேச்சில் இன்றும் அது ஹவுசிங் போர்டுதான்.

இதை ஏன் தெரிந்திருக்க வேண்டும்? நீங்கள் கதவைத் தட்டப்போகிற வீட்டில் இருப்பவர் இழந்தது ஒரு குடிசையை மட்டும் இல்லை. நடந்துபோய் வீட்டு வேலை செய்த தெரு, பிள்ளையின் பள்ளி, அவசரத்துக்குக் கைமாற்று கொடுத்த பக்கத்து வீடு, துக்கத்துக்கு ஓடிவந்த சொந்தம், பலருக்குத் தங்கள் சபை என்று எல்லாமே போயிற்று. ஒரே தெருவில் மூன்று தலைமுறையாக இருந்தவர்கள் வேறு வேறு பிளாக்குகளில் போய் விழுந்தார்கள். ‘கண்ணகி நகர்’ என்ற முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பது கடினம் என்று அங்குள்ள இளைஞர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். அதனால் ‘ஸ்லம் மினிஸ்ட்ரிக்குப் போகிறேன்’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள், சபையில் சாட்சி சொல்லும்போதும் கூட. அந்த வார்த்தை கீழ்த்தளத்தில் விளையாடும் பிள்ளையின் காது வரை வந்து சேரும்.

இன்னொன்று. அங்கே கர்த்தர் நமக்கு முன்பே இருக்கிறார். பெரும்பாக்கத்தில் ஒரு ஞாயிறு காலை பிளாக்குகளுக்கு நடுவே நடந்து பாருங்கள். பல வீடுகளிலிருந்து ஜெபச் சத்தம் கேட்கும். பழைய இடத்திலிருந்து விசுவாசத்தையும் கூடவே சுமந்து வந்தவர்கள் அவர்கள். முன்னறையில் பாய் விரித்துச் சபை நடத்தும் போதகர்கள் இருக்கிறார்கள். வாரம் முழுக்கப் பெயின்டிங் செய்துவிட்டோ ஆட்டோ ஓட்டிவிட்டோ ஞாயிறு பிரசங்கம் பண்ணுகிறவர்கள் அவர்களில் உண்டு. எந்தத் திட்டமும் போடுவதற்கு முன் அவர்களில் இரண்டு மூன்று பேரைப் போய்ப் பாருங்கள். கையில் நோட்டீஸ் வேண்டாம். ‘ஐயா, நாங்க இங்க வந்து கத்துக்கலாம்னு இருக்கோம், என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாதுன்னு சொல்லுங்க’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய சபை மக்களை உங்கள் சபைக்கு இழுக்க மாட்டேன் என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஒரே ஒரு பிளாக்

முழுக் குடியிருப்புக்கும் ஊழியம் செய்யப் பார்க்காதீர்கள். ஒரு பிளாக் போதும். அதிலும் ஒன்றிரண்டு மாடிகளின் ஆட்களை ஒரு வருடத்தில் உண்மையாக அறிந்துகொண்டால் அது பெரிய காரியம்.

முடிந்தவர்கள் அருகில் குடிவாருங்கள். சபை வரலாற்றில் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் தொயோஹிகோ ககாவா இறையியல் மாணவராக இருந்தபோதே, 1909 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கோபே நகரத்தின் ஷின்காவா என்ற ஏழைக் குடியிருப்புக்குள் குடிபோனார். அங்கே கிடைத்த கண் நோயின் பாதிப்பை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். 1938-ல் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். பெர்லினில் டீட்ரிச் போன்ஹோஃபர் என்ற இளம் போதகர் 1931-32 குளிர்காலத்தில் ஒரு தொழிலாளர் பகுதியின் முரட்டுப் பையன்களுக்குத் திடப்படுத்தல் வகுப்பு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபை முன் உறுதிப்படுத்துவதற்கான பயிற்சி) எடுக்க நேர்ந்தது. அவர் அதே பகுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். பையன்கள் மாலையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், கூடச் சாப்பிடலாம், சதுரங்கம் ஆடலாம். அமெரிக்காவில் ஜான் பெர்கின்ஸ் என்ற கறுப்பினப் போதகர் கலிபோர்னியாவை விட்டு 1960-ல் தன் சொந்த மாநிலமான மிசிசிப்பிக்குத் திரும்பினார். ஏழைகளின் நடுவில் குடியிருப்பதைத்தான் தன் ஊழிய முறையின் முதல் அம்சமாக வைத்தார்.

நடைமுறையில் ஒரு எச்சரிக்கை. வாரியம் ஒதுக்கிய வீட்டை உள்வாடகைக்கு விட ஒதுக்கீட்டு விதிகள் அனுமதிப்பதில்லை. ‘அண்ணா, நம்ம வீட்டு மேல காலியா இருக்கு, எடுத்துக்கோங்க’ என்று அன்பாகச் சொல்வார்கள். எடுத்தால் நாளைக்கு ஒதுக்கீடு ரத்தாகும் ஆபத்து அந்தக் குடும்பத்துக்குத்தான். சோழிங்கநல்லூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் கிராமம் பக்கம் தனியார் வீடுகள் கிடைக்கும். அங்கே எடுங்கள்.

குடிவர முடியாதவர்கள் மனம் சோர வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை, அதே கிழமை, அதே நேரம், அதே பிளாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையானாலும் பரீட்சையானாலும் போங்கள். பஸ்ஸிலேயே போங்கள். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் முடித்துத் திரும்பும் அக்காக்களோடு நின்றுகொண்டே போகும் அந்தப் பயணத்தில் கேட்கிற விஷயங்கள் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

மூன்றாம் படி: முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்

புதியவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சமாரியாவின் கிணற்றடியில் இயேசு பேசிய முதல் வார்த்தை ‘தாகத்துக்குத் தா’ என்பது. எழுபது பேரை அனுப்பியபோதும், போகிற வீட்டில் தங்கி அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள் என்றுதான் சொன்னார் (லூக்கா 10:7). கொடுக்கப் போகிறவன் மேலே நிற்கிறான். தண்ணீர் கேட்கிறவனோடுதான் யாரும் சமமாகப் பேசுவார்கள். ஆகவே முதல் மூன்று நான்கு மாதங்கள் எதையும் கொண்டுபோகாதீர்கள். அரிசிப் பை, பழைய துணி, நோட்டுப் புத்தகம் எதுவும் வேண்டாம். போங்கள், உட்காருங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள். ‘பரவாயில்லை அக்கா, இப்பதான் சாப்பிட்டேன்’ என்று மறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சில வீடுகளில் அந்த மறுப்புக்கு வேறு அர்த்தம் உண்டு. அவர்கள் கை பட்ட உணவைத் தலைமுறை தலைமுறையாகத் தொடாதவர்கள் இருந்த ஊர் இது. ஒரு தட்டுச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக் கை கழுவினால், நீங்கள் யார் என்பதை அந்த வீட்டுக்கு எந்தப் பிரசங்கத்தையும் விடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்.

நேரம் பார்த்துப் போகக் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர் வருகிற நேரத்தில் யாரையும் நிறுத்திப் பேசாதீர்கள், குடத்தை வாங்கித் தூக்குங்கள். லிஃப்ட் ஓடாத நாளில் அதுவே பெரிய உதவி. வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள் பிற்பகலில்தான் சற்றுக் காலை நீட்டுவார்கள். அது அவர்கள் ஓய்வு, அந்த அரைமணி நேரத்தைப் பறிக்க வேண்டாம். கட்டட வேலைக்குப் போகிற ஆண்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். அன்று இரவு வீட்டுக்குள் போய் உட்காராமல் இருப்பது நல்லது. மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, படிக்கட்டிலும் வாசலிலும் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் நேரம் உங்களுடையது.

பெரியவர்களை ஆயா, பெரியம்மா, அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். சபையில் பழகிய ‘பிரதர், சிஸ்டர்’ இங்கே ஒரு சுவரை எழுப்பும், நீங்கள் ஆள் பிடிக்க வந்தவர் என்ற எண்ணத்தை அது முதலில் கொண்டுவரும். போனில் படம் எடுக்காதீர்கள். எவ்வளவு அழகான பிள்ளையாக இருந்தாலும், எவ்வளவு உருக்கமான ஜெபமாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் சபை வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் படம் தேவையில்லை.

துக்க வீட்டுக்குத் தவறாமல் போங்கள். பந்தல் போட்டு டிரம் செட் அடிக்கிற வீடாக இருக்கலாம், மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றியிருக்கலாம். அங்கே நம்முடைய வேலை பிளாஸ்டிக் நாற்காலி இறக்குவது, டீ வாங்கி வருவது, இறப்புச் சான்றிதழுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று தெரிந்தவரிடம் விசாரித்துச் சொல்வது, இரவு முழுக்கக் கூட உட்கார்ந்திருப்பது. அவர்கள் கேட்டால் ஒரு நிமிடம் ஜெபியுங்கள். கேட்காவிட்டால் மௌனமாக இருங்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்களே, அவர்கள் சரியாகச் செய்தது அது ஒன்றைத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு மறுபடி போங்கள். வீடு அன்றைக்குத்தான் காலியாக இருக்கும்.

நான்காம் படி: தேவையான சேவை

இப்போது உங்களுக்கு அந்த மாடியின் தேவைகள் தானாகவே தெரிந்திருக்கும். நீங்கள் சபையில் உட்கார்ந்து யோசித்த பட்டியலில் அவை பெரும்பாலும் இருக்காது.

காகித வேலை முதலாவது. ஆதாரில் பழைய முகவரியே இருக்கும், ரேஷன் ஸ்மார்ட் கார்டில் மருமகள் பெயர் சேர்ந்திருக்காது, முதியோர் உதவித்தொகை ஏதோ காரணத்தால் நின்றிருக்கும். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை சிலருக்கு வங்கிக் கணக்குக் கோளாறினால் வராமல் இருக்கும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்காத குடும்பங்களும் உண்டு. இ-சேவை மையத்துக்கு அவர்களோடு போங்கள். நீங்களே பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த முறையும் உங்களைத் தேடுவார்கள். கூட உட்கார்ந்து, எந்தக் கவுன்டர், எந்த ரசீது, யாரிடம் கேட்க வேண்டும் என்று அந்த அக்காவே பேசும்படி செய்தால், அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரியை அவளே அழைத்துப் போவாள்.

இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குத் துணை. சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ பெரும்பாக்கத்திலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். விடியற்காலை கிளம்பினால்தான் ஓபி சீட்டு வரிசையில் முன்னால் நிற்கலாம். 2023-ல் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை ஓரளவு பக்கம். அங்கே என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன என்று ஒருமுறை நீங்களே போய்ப் பார்த்து வையுங்கள். மருத்துவர் சொன்னதை எளிய தமிழில் திரும்பச் சொல்லவும், ஸ்கேனுக்கு அழைக்கும்வரை கைக்குழந்தையைப் பிடித்துக்கொள்ளவும் ஒருவர் கூட இருந்தால் போதும். அந்த ஐந்து மணி நேரக் காத்திருப்பில் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்வார்கள்.

மாலை டியூஷன் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். நன்றாகப் படிக்கிறவர்களை வைத்து ரிசல்ட் காட்டும் ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பணம்தான் உறவுகளை உடைக்கிற முதல் காரணம். தண்டல் கட்ட வேண்டும், குழுக் கடன் தவணை இன்று, நகை ஏலத்துக்குப் போகப்போகிறது என்று கேட்பார்கள். கேட்பது உண்மையான நெருக்கடி. ஆனாலும் தனி ஆளாக யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள், யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் வாங்கியவர் உங்களைப் பார்த்தால் வேறு படிக்கட்டில் இறங்கிப் போவார், அதோடு அந்த நட்பு முடிந்தது. உதவி செய்தே ஆக வேண்டுமென்றால் சபையின் உதவி நிதியிலிருந்து, இரண்டு பேர் சேர்ந்து விசாரித்து, திரும்பக் கேட்காத தொகையாகக் கொடுங்கள். எவ்வளவு கடன், எத்தனை இடத்தில், என்ன வட்டி என்று குடும்பமாக உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுத உதவுங்கள். பல வீடுகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து அந்தக் கணக்கைப் பார்ப்பது அதுவே முதல் முறையாக இருக்கும்.

குடிப்பழக்கத்துக்கு ஜெபத்தோடு சிகிச்சையும் வேண்டும். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ‘இன்றைக்கே விட்டுவிடுங்கள்’ என்று கைவைத்து ஜெபித்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்கள் இருக்கின்றன. அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டிடிகே போதை மீட்பு மருத்துவமனை குடும்பத்தையும் சேர்த்துப் பயிற்றுவிக்கிறது. திரும்பி வந்தவர் மறுபடி விழுந்தால், மறுபடி கூட்டிப் போங்கள்.

தூண்டிலாக வேண்டாம்

டியூஷனுக்கு வருகிற பிள்ளை ஜெபத்துக்கும் வர வேண்டும் என்று ஒருபோதும் வைக்காதீர்கள். வேத வாசிப்பு வேறு நாள், வேறு இடம், பெற்றோருக்குத் தெரிந்து நடக்கட்டும். பிள்ளைகளின் பைக்குள் துண்டுப்பிரதியை நுழைத்து அனுப்புவதை நான் எதிர்க்கிறேன். ஒரு தாய் நம்மை நம்பித் தன் பிள்ளையை விட்டுப் போனால், அந்த நம்பிக்கையைக் காப்பதும் சாட்சிதான். தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத்துக்கு எதிரான சட்டம் 2002-ல் வந்து 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. அன்றிலிருந்து சட்டம் இல்லை, சந்தேகம் இருக்கிறது. சட்டமோ சந்தேகமோ இல்லாவிட்டாலும் நாம் இப்படித்தான் நடக்க வேண்டும். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த இயேசு, மறுநாள் அதற்காகத் தேடி வந்தவர்களிடம் கடினமான வார்த்தையைப் பேசினார், பலர் திரும்பிப் போனார்கள், அவர் யாரையும் பிடித்து வைக்கவில்லை.

அதே நேரம் நீங்கள் யார் என்பதை மறைக்கவும் வேண்டாம். ‘எதுக்கு வர்றீங்க?’ என்று கேட்டால், ‘நாங்க இயேசுவைப் பின்பற்றுறவங்க, அவர் எங்கள நேசிச்சார், அதனால வர்றோம்’ என்று நேராகச் சொல்லுங்கள். சமூக சேவை நிறுவனம் என்று சொல்லிக்கொள்வது பொய்.

ஐந்தாம் படி: இரண்டு மூன்று பேரோடு நடங்கள்

எல்லோருக்கும் நண்பராக இருங்கள். ஆனால் இரண்டு மூன்று பேரோடு மட்டும் ஆழமாக நடக்க முடியும். யார் அவர்கள் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க அவசரப்படாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில், ‘நீங்க அன்னைக்கு ஜெபம் பண்ணீங்களே, அது யாருகிட்ட, என்னனு?’ என்று கேட்கும் ஒருவர் இருப்பார். அவரிடமிருந்து தொடங்குங்கள். பெண்கள் பெண்களோடும், ஆண்கள் ஆண்களோடும் என்பது இங்கே கட்டாயமான ஒழுங்கு.

மாற்கு சுவிசேஷத்தை வாசியுங்கள். சிறியது, செயல் நிறைந்தது. ஒரு தடவைக்கு ஒரு சம்பவம் போதும். வாசிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் போனில் ஒலி வேதாகமத்தைப் போடுங்கள், யாரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லி வெட்கப்படுத்தாதீர்கள். இரண்டு தரம் கேட்ட பிறகு ஒருவரைக் கதையாகத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இந்த மக்களின் நினைவாற்றலும் கதை சொல்லும் திறமையும் உங்களை ஆச்சரியப்படுத்தும். பிறகு கேள்விகள்: இயேசு இங்கே என்ன செய்தார்? யார் அவரை எதிர்த்தார்கள், ஏன்? இந்த வாரம் நாம் என்ன செய்யப்போகிறோம்? அடுத்த வாரம் அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள், நீங்களும் பதில் சொல்லுங்கள். பேசாமல் இருந்த அண்ணனோடு பேசினேன், முதலாளியிடம் பொய்க் கணக்குச் சொல்லவில்லை, மனைவியை அடிக்கக் கை ஓங்கி இறக்கினேன் என்று பதில்கள் வரும்போது, சீஷத்துவம் அங்கே நடக்கிறது. அடி நின்றுவிட்டது என்று அவன் சொல்வதோடு விடாமல், நம்முடைய சகோதரி ஒருத்தி அந்த மனைவியிடம் தனியாகக் கேட்கட்டும். நிற்கவில்லை என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவளிடம் கொடுத்து, அவள் எடுக்கிற முடிவுக்குத் துணை நிற்க வேண்டும். ‘பொறுத்துக்கோ, ஜெபி’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாவம்.

அவர்களையும் சேவைக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் யாரையாவது மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது உங்களோடு நடக்கும் தம்பியும் வரட்டும். அடுத்த தடவை அவன் முன்னால் நடக்கட்டும். உதவி பெறுகிறவராகவே ஒருவரை வருடக்கணக்கில் வைத்திருந்தால் அவருடைய சீஷத்துவம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

உங்கள் வீட்டுக்கும் அழையுங்கள். அண்ணா நகரோ வேளச்சேரியோ, உங்கள் அம்மா சமைத்ததை உங்கள் தட்டுகளில் சேர்ந்து சாப்பிடுங்கள். இங்கேதான் நம்முடைய சபைகளின் புண் இருக்கிறது, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அரிசிப் பையோடு பெரும்பாக்கத்துக்கு வருகிற சில குடும்பங்கள், அங்கிருந்து வந்த வாலிபன் தங்கள் ஆலயத்தில் தங்கள் பெஞ்சில் உட்கார்ந்தால் முகம் மாறுகின்றன. கல்யாண விளம்பரத்தில் சாதியை எழுதுகிற விசுவாசிகள் நம்மிடையே இருக்கிறார்கள். சீஷராகிறவர் முதலில் விட வேண்டியது குடியா புகையா என்று பட்டியல் போடுகிறோம். நகரத்துக்காரர் முதலில் விட வேண்டியது சாதி. உங்கள் வீட்டில் அதைப் பேசி முடிக்காமல் அங்கே போய் மாற்கு சுவிசேஷம் நடத்தாதீர்கள்.

ஆறாம் படி: ஞானஸ்நானத்துக்கு முன் சொல்ல வேண்டியவை

ஒருவர் ஞானஸ்நானம் கேட்கும் நாள் வரும். சந்தோஷத்தில் அவசரப்படாதீர்கள். இந்தக் குடியிருப்புகளில் பெரும்பான்மையானோர் தலித் மக்கள். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி நிலை உண்டு. கிறிஸ்தவராக மாறியவர் அந்த இடஒதுக்கீட்டையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் சட்டப்படி இழக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். கல்வி உதவித்தொகை போன்ற சில மாநிலத் திட்டங்கள் மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் உண்டு. பழங்குடியினருக்கு இந்த இழப்பு இல்லை. கிறிஸ்தவ விசுவாசத்தில் வாழ்ந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கோருவதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

இந்த ஆணை அநீதியானது என்பது என் உறுதியான எண்ணம். மதம் மாறியதால் சாதிக் கொடுமை மாறிவிடுவதில்லை என்பதற்கு சாதி பார்த்துப் பிரித்து வைத்திருக்கும் நம் கல்லறைத் தோட்டங்களே சாட்சி. ஆனாலும் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, இந்த விலையைச் சொல்லாமல் அவளைத் தண்ணீரில் இறக்குவது அவளுக்குச் செய்கிற துரோகம். கோபுரம் கட்ட உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுதான். முழுவதும் சொல்லுங்கள், வீட்டாரோடு பேசச் சொல்லுங்கள், ஒரு வழக்கறிஞரிடம் கேட்க உதவுங்கள், அவள் காலம் எடுத்துக்கொள்ளட்டும். அவள் எந்த முடிவெடுத்தாலும் உங்கள் மேஜையில் அவளுடைய இடம் அப்படியே இருக்க வேண்டும்.

பிள்ளைகளோடு இருக்கும்போது

இதில் தளர்வே கூடாது. எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்க வேண்டும். பைக்கில் தனியாக ஏற்றிப் போகக் கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் துன்பத்தைச் சொன்னால், 2012-ன் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். சபைக்குள் பேசி முடிப்பது குற்றம். 1098-ஐ அழைத்தால் அடுத்து என்ன செய்வது என்று வழிகாட்டுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ஊழியக்காரராக இருந்தாலும், உங்களை அங்கே அழைத்துப் போனவராகவே இருந்தாலும் இதுதான் ஒழுங்கு.

தனியாகப் போகாதீர்கள், போய்விடவும் தயாராகுங்கள்

இயேசு இரண்டிரண்டு பேராக அனுப்பினார். குறைந்தது நான்கு பேர் கொண்ட குழுவாகச் சேருங்கள். வாரம் ஒரு முறை சேர்ந்து ஜெபியுங்கள், யார் யாருக்கு என்ன நடக்கிறது என்று பேசுங்கள், அங்கே கேட்ட இரகசியங்கள் குழுவுக்கு வெளியே போகக் கூடாது. ஒரு நாள் முழு ஓய்வு எடுங்கள். மாதக்கணக்காக ஒன்றும் நடக்காதது போல் இருக்கும் காலம் நிச்சயம் வரும். வாசிப்புக்கு வந்த இரண்டு பேரில் ஒருவர் வேலைக்காக ஒரகடம் பக்கம் போய்விடுவார், இன்னொருவர் மறுபடி குடிக்கத் தொடங்குவார். அந்தக் காலத்தில் புதுத் திட்டம் எதையும் ஆரம்பிக்காதீர்கள். அதே இரண்டு மாலை, அதே படிக்கட்டு என்று போய்க்கொண்டிருங்கள்.

நீங்களும் ஒருநாள் போவீர்கள். கல்யாணம் ஆகும், வேறு ஊருக்கு மாற்றலாகும். அதைக் கடைசி வாரத்தில் அறிவிக்காதீர்கள், ஆறு மாதம் முன்பே சொல்லுங்கள். டியூஷன் சாவி, உதவி நிதிக் கணக்கு, மருத்துவமனைத் தொடர்புகள் எல்லாவற்றையும் அந்த பிளாக்கைச் சேர்ந்த இரண்டு பேரிடம் ஒப்படையுங்கள், நகரத்திலிருந்து வருகிற அடுத்த குழுவிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அவர்கள் உங்களை விட வேறு மாதிரி நடத்துவார்கள். நடத்தட்டும். கடைசி இரண்டு மாதங்கள் அவர்கள் நடத்தும் கூட்டத்தில் பின்னால் பாயில் உட்கார்ந்து கேளுங்கள், டீ டம்ளர் கழுவுங்கள். முதல் வாரம் நீங்கள் ஆலோசனை கேட்ட அந்தப் போதகரிடம் அவர்களை அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். போன பிறகும் அவர்கள் போன் செய்தால் எடுங்கள், வீட்டில் விசேஷம் என்று அழைத்தால் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.